ஒண்ணாம் தேதி அபிப்பிராயம்

பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அடுப்பு மூட்டும்போதும் அப்படித்தான். மேடைக் கல்லில் நனைந்த விரலால் ஒரு சுழி போடாமல் பால் பாத்திரத்தைத் தொட்டதில்லை. பேனாவுக்கும் அதே மரியாதை இருக்கட்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஓட்டல் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொன்னவர் செயலாளர் மணி. எனக்கு எழுத்து வராது என்று தட்டிக்கழித்தேன். பிறகு ஒருநாள் மணி வேலை பார்க்கும் புது ஓட்டலுக்கு, கரமனைக்கு, பஸ் ஏறிப் போனேன். வாசலில் பளபளவென்று ஒரு பெட்டி. மேலே நீளமாக ஒரு வாய், பக்கத்தில் ஒரு குட்டிப் பூட்டு. 'உங்கள் கருத்து' என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது. நான் இருக்கும்போதே திறந்தார்கள். ஐந்தாறு காகிதம், ஒரு பஸ் டிக்கெட், மடித்த விபூதிப் பொட்டலம் ஒன்று, கொஞ்சம் சில்லறை. யாரோ உண்டியல் என்று நினைத்துக் காணிக்கை போட்டிருக்கிறார்கள்! எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ஒரு காகிதத்தில் 'காப்பி சுமார்' என்று மட்டும் இருந்தது. மணி முகம் வாடிவிட்டது. "மாமா, இதை வெச்சு என்ன செய்யட்டும்? பாலை மாத்தவா, பொடியை மாத்தவா?" என்றார்.

எனக்குத் தோன்றியது வேறு. இதை எழுதியவர் காப்பி குடிப்பதற்கு முன்னால் அவர் வாயில் என்ன இருந்தது?

அதை மணியிடம் வாயால் சொல்லி விளக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் காப்பி போட்ட கடை, சாலைக் கடைத்தெருவிலிருந்து ஆரியசாலைக்குத் திரும்பும் ஒரு சந்தில் இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. 'பிள்ளை கடை' என்றால் எல்லோருக்கும் தெரியும். முன்னால் மூன்று பெஞ்சு, உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் ஒன்று, சுவரில் வேலும் மயிலுமாக முருகன் படம். அவ்வளவுதான் கடை. தென்காசிப் பக்கத்திலிருந்து ரயிலேறி இந்த மலையாள ஊருக்கு வந்து, டம்ளர் கழுவி, இலை எடுத்து, சட்னி அரைத்து, கடைசியில் காப்பி அடுப்புக்கு வந்து சேர்ந்த கதையெல்லாம் உங்கள் எல்லோருடைய கதையும்தான். அதை விட்டுவிடுகிறேன்.

முதலாளி சிதம்பரம் பிள்ளை நாகர்கோவில் பக்கத்து மனிதர். சத்தம் போட்டுப் பேச மாட்டார். தோளில் துண்டு, நெற்றி நிறைய விபூதி. அவரைப் பற்றி ஒரு விசேஷம் சொல்ல வேண்டும். காப்பிக்கடை நடத்திய அவருக்குக் காப்பி குடிக்க முடியாது. ஒரு மடக்கு இறங்கினாலும் நெஞ்சு எரியும். சுக்கு வெள்ளம்தான், சுக்குப் போட்டுக் காய்ச்சிய தண்ணீர்தான் குடிப்பார்.

"எனக்கு நாக்கு இல்ல சங்கரா. வாறவங்க நாக்குதான் என் நாக்கு" என்பார்.

அதனால் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். காலைக் கூட்டம் ஓய்ந்து, மத்தியானச் சாப்பாட்டு வேலை தொடங்குவதற்கு முன்னால், சுக்கு வெள்ளத்தோடு உள் பெஞ்சில் வந்து உட்காருவார். "ம், சொல்லு. யாரு என்ன சொன்னா?" நான் அடுப்பைத் துடைத்தபடியே சொல்ல வேண்டும். அதிலும் சட்டம் உண்டு.

"கோர்ட்டு குமஸ்தாவுக்குக் காப்பி பிடிக்கல மொதலாளி."

"பிடிக்கலன்னு அவரு சொன்னாரா?"

"இல்ல... 'நேத்து மாதிரி இல்ல'ன்னாரு."

"அதைச் சொல்லு. அவங்கவங்க வார்த்தையில சொல்லணும். நீ நெனைச்சத அதுக்குப் பெறகு தனியாச் சொல்லு, அதையும் கேக்கேன். ரெண்டையும் கலக்காத, கேட்டியா? நேத்து மாதிரி இல்லைங்காரே, நேத்து என்ன சொன்னாரு?"

"நேத்தும் அதேதான் சொன்னாரு."

முதலாளிக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு வரும். இப்படி அந்தக் கடையில் எனக்குத் தெரிந்த அபிப்பிராயங்கள் எத்தனை விதம்! வாயே திறக்காமல் டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் திருப்தி என்று அர்த்தமாகும் காய்கறிக்கடைக்காரர் ஒருவர். காப்பி நன்றாக இருந்தால் இட்லியைக் குறை சொல்லும் வாத்தியார் ஒருவர். முதலாளி எதையும் எழுதி வைப்பதில்லை. ஆனால் போன ஓணத்துக்கு யார் என்ன சொன்னார்கள் என்று இந்த ஓணத்துக்குக் கேட்டாலும் சொல்லுவார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒருவர் இருந்தார். மாதவன் நாயர். ஆரியசாலையில் ஒரு மலஞ்சரக்கு மண்டியில் ஸ்டோர் கீப்பர். மிளகு, சுக்கு, ஏலக்காய் எல்லாம் முகர்ந்தே தரம் சொல்லுகிறவர். அதனால் அவர் சொன்னால் சந்து முழுக்க வேதவாக்கு. எப்போதும் வாயில் முறுக்கான்: வெற்றிலை, களிப்பாக்கு, சுண்ணாம்பு, யாழ்ப்பாணப் புகையிலை. கடைக்கு வந்ததும் சாக்கடை ஓடைப் பக்கம் போய்த் துப்பிவிட்டு, எங்கள் குடத்துத் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு உட்காருவார். இரண்டு மடக்கு குடிப்பார். முன்பெஞ்சில் எல்லோரும் காத்திருப்பார்கள்.

"எந்தா சங்கரா இது? காப்பியோ கஷாயமோ?"

மறுநாள் பாலைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால், "வெறும் வெள்ளம்!" தூளைக் கூட்டினால், "கய்ப்பு." இத்தனையும் சொல்லிவிட்டுத் தினமும் வருவார். எதிர்வரிசையில் இன்னொரு கடை இருந்தும் எங்களிடம்தான் வருவார். அது ஏன் என்பது எனக்கு நெடுநாள் விளங்காத விஷயமாக இருந்தது. முதலாளியிடம் கேட்டேன்.

"குறை சொல்ல ஒரு எடம் வேண்டாமாடே மனுசனுக்கு?" என்றார்.

கார்த்திகை மாதம் பிறந்ததும் எங்கள் கடையில் ஒரு மாற்றம் வரும். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் கண்ட இடத்தில் சாப்பிட மாட்டார்கள். அவர்களுக்கென்று முதலாளி தனி எவர்சில்வர் டம்ளர்கள் வைத்திருந்தார். மற்ற மாதங்களில் அவை துணி சுற்றி முருகன் படத்துக்குக் கீழே இருக்கும். உள் பெஞ்சு சாமிமாருக்கு மட்டும். அந்த டம்ளர்களை, குளித்து ஈர வேட்டியோடு நான்தான் கழுவ வேண்டும். மற்ற பாத்திரமெல்லாம் செல்லம்மா அக்கா தேய்ப்பாள். டம்ளரும் பெஞ்சும்தான் வேறே தவிர, டிகாஷன் ஒரே பாத்திரம், பால் ஒரே பாத்திரம். இன்னொரு விஷயத்திலும் முதலாளி கண்டிப்பு. ஒருதரம் இறக்கிய தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இரண்டாம் டிகாஷன் எடுக்கவே கூடாது. சக்கை நேராகக் கொல்லைப்புற வாழைக்குப் போய்விடும்.

நான் சொல்லும் வருடம், நாயரும் மாலை போட்டார். அவர் மனைவி பெரிய காய்ச்சலிலிருந்து பிழைத்ததற்கு நேர்ச்சை. கறுப்பு வேட்டியும் தாடியுமாக உள் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தார். தொடக்கத்தில் அதே முகச்சுளிப்புதான். "சாமி, காப்பி கஷாயம்" என்றார். வார்த்தைக்கு முன்னால் ஒரு சாமி சேர்ந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அது முதல் நாள். மறுநாள் காலையில் டம்ளரை வாயில் வைத்தவர் அப்படியே நின்றார். டம்ளருக்குள்ளே எட்டிப் பார்த்தார். மறுபடியும் குடித்தார். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "நன்னாயிட்டுண்டு" என்றார். மறுநாளும் நன்னாயிட்டுண்டு. அதற்கு மறுநாள் "சங்கரன் சாமீ, இது எவிடத்தெ பொடி?" என்று கேட்டார்.

உள் பெஞ்சில் முதலாளி சுக்கு வெள்ளத்தை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "நாயர் சாமி என்ன சொன்னாரு?"

"நன்னாயிட்டுண்டுன்னாரு. ஐயப்பன் கிருபை மொதலாளி."

"அது நீ நெனைச்சது. பொடி மாத்தினியா?"

"இல்லியே. எப்பவும் உள்ள பொடிதான்."

"பின்னே எப்படி நல்லாப் போச்சு?" என்று முதலாளி மோவாயைத் தடவினார். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. பாராட்டு வந்தால் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? குறை வந்தால் தேடுவார்கள், நிறை வந்தால் யாராவது காரணம் தேடுவார்களா?

தை மாதம் மகரவிளக்கு தொழுதுவிட்டு நாயர் திரும்பி வந்தார். மாலையைக் கழற்றி, தாடியை எடுத்துவிட்டு, பழையபடி முன்பெஞ்சில் உட்கார்ந்தார். பழையபடி டம்ளர். இரண்டு மடக்கு குடித்தார். டம்ளரைப் பெஞ்சில் வைத்த சத்தம் சந்து முழுவதும் கேட்டிருக்கும்.

"இது ஆ காப்பி அல்ல."

"அந்தக் காப்பின்னா எந்தக் காப்பி?" என்றேன்.

"எந்தக் காப்பியா? மாலை போட்டிருந்தப்ப எனக்குத் தந்ததே, ஆ காப்பி! மனசிலாயி. சாமிமாருக்கு முதல் டிகாஷன், ஞங்ஙளுக்கு ரெண்டாம் டிகாஷன். அதுக்குத்தான் அகத்த தனி பெஞ்சு, இல்லே?"

முன்பெஞ்சில் லோடு இறக்கும் சுடலைமுத்து இருந்தான். காதில் பீடி செருகியபடி, "அதுதான பாத்தேன்! நமக்கு எப்பவும் சக்கைத் தண்ணிதானா அண்ணாச்சி?" என்றான்.

நான் அடுப்பை விட்டு ஓடி வந்தேன். "முருகன் மேல சத்தியமாச் சொல்லுதேன்..." என்று கையைத் தூக்கினேன். முதலாளி என் கையைப் பிடித்து இறக்கினார். அப்போது அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "சத்தியம் பண்ணாதடே. பண்ணிட்டா பெறகு யாரும் யோசிக்க மாட்டாங்க."

பிறகு நாயரிடம் திரும்பினார். "நாயரே, நான் காப்பி குடிக்கிறவன் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். நல்லதா கெட்டதான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. வாங்க, பாப்போம்." துணி சுற்றி வைத்த விரத டம்ளரை எடுத்தார். நாயரை உள் பெஞ்சில் உட்கார வைத்தார். அதே டம்ளரில், அதே இடத்தில் காப்பி கொடுக்கச் சொன்னார். நாயர் குடித்துவிட்டு, "டம்ளர் அதுதன்னே. பெஞ்சும் அதுதன்னே. பட்சே காப்பி மட்டும் வேற" என்று எழுந்து போனார்.

காரியம் அதோடு நிற்கவில்லை. மண்டி ஆட்கள் எதிர்க்கடைக்கு மாறினார்கள். நாயர் மட்டும் சில நாள் அங்கே, சில நாள் முறைத்துக்கொண்டே இங்கே. அதைக்கூடத் தாங்கலாம். எனக்கு அப்போது கல்யாணம் பேசி முடிந்திருந்தது. பெண் ஆரியசாலையில் லைன் வீட்டில் இருந்த குடும்பம். பெயர் வள்ளியம்மாள். அவள் அண்ணன் ஆறுமுகம், நாயருடைய மண்டியில்தான் வேலை. மாசியில் நிச்சயதாம்பூலம் என்று இருந்தது. ஒருநாள் ஆறுமுகம் கடைக்கு வந்தான். உட்காரவில்லை.

"ஒம்ம காப்பியப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. டிகாஷன் ஒண்ணாம் நம்பரோ ரெண்டாம் நம்பரோ, எங்கயும் நடக்கதுதான். ஆனா ஐயப்பன் பேரைச் சொல்லி ஆளுக்கொரு தரமா? சாமி காரியத்துல கள்ளம் பண்ணுதவன் கையில என் தங்கச்சியப் புடிச்சிக் குடுக்க முடியாது. நாயர் சார் பொய் சொல்ல மாட்டாரு."

"நான் பொய் சொல்லுவேனா?"

"அதை நாயர் சார் வாயால சொல்லச் சொல்லும். அப்பப் பாப்போம்."

போய்விட்டான். அன்று நான் போட்ட காப்பியெல்லாம் என்ன ருசியில் போனதோ, கடவுளுக்குத்தான் தெரியும். முருகன் படத்துக்கு முன்னால் நின்று அழுதேன். எனக்கு விளங்காதது ஒன்றுதான். நாயர் பொய் சொல்லுகிறவர் இல்லை, நானும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் உண்மை சொன்னால் இடையில் இந்தக் கள்ளம் எங்கிருந்து வந்தது?

பாலா என்று பார்த்தோம். கரமனைப் பால்காரர் அதே மாட்டுப் பால்தான் கொண்டுவந்தார். தண்ணீரா என்று பார்த்தோம். அதே குழாய். விரதகாலத்தில் வெயில் குறைவு, இப்போது கூடுதல், அதனால் இருக்குமோ என்று நான் சொன்னேன். அதைக்கூட முதலாளி தள்ளிவிடாமல், "இருக்கலாம்" என்று யோசித்தார்.

ஒருநாள் பின்கட்டில் செல்லம்மா அக்கா தனக்குத்தானே திட்டிக்கொண்டிருந்தாள். கையில் புளியும் சாம்பலும்.

"என்னக்கா, யாருக்கு அர்ச்சனை?"

"எல்லாம் ஒங்க நாயருக்குத்தான். இத்தனை நாளு அந்த மனுசன் டம்ளரு என் கைக்கு வராம நிம்மதியா இருந்தேன். மாலையக் கழத்துனாரோ இல்லியோ, விளிம்பெல்லாம் செவப்பு! வாயா அது, செம்பருத்திச் செடியா? தேச்சித் தேச்சி நகம் போவுது."

நான் சிரித்துவிட்டு அடுப்புக்குப் போனேன். இரண்டு டம்ளர் ஆற்றிய பிறகுதான் மனதில் ஒன்று தட்டியது. விரதகாலத்தில் நாயருடைய டம்ளரைக் கழுவியது நான்தானே? ஒரு நாளாவது அந்த விளிம்பில் சிவப்பைப் பார்த்தேனா? இல்லை. எப்படி இருக்கும்? மாலை போட்டவர் முறுக்கானைத் தொடுவாரா?

ஆற்றிய காப்பியை அப்படியே வைத்துவிட்டு முதலாளியிடம் ஓடினேன். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். அவர் தலைக்குள் இருந்த அபிப்பிராயங்களையெல்லாம் புரட்டுகிறார் என்று எனக்குத் தெரியும்.

"மாலை போட்டிருந்தப்ப போஸ்டாபீஸ் கிருஷ்ணன் என்ன சொன்னாரு?"

"'இவ்ளோ நாளு இந்தக் காப்பிய எங்க ஒளிச்சு வெச்சிருந்தே'ன்னாரு."

"அவரு மத்த நாளுல பீடி. வாத்தியாரும் மாலை போட்டாரே?"

"'எப்பவும் போல'ன்னாரு. இட்லியத்தான் குறை சொன்னாரு."

"அவருக்குப் பீடியும் இல்ல, மூக்குப்பொடியும் இல்ல, முறுக்கானும் இல்ல." முதலாளி கண்ணைத் திறந்தார். "மாறினது காப்பி இல்லடே. நாக்கு."

எனக்குக் கை கூப்பத் தோன்றியது. விரதம் நாம் சாமிக்குச் செய்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சாமி நம் நாக்கைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்கிறார் என்று நினைத்ததில்லை. அதே மூச்சில், "இப்பவே மண்டிக்குப் போய் நாயர்கிட்டச் சொல்லிடறேன்" என்று துண்டை உதறினேன்.

"என்னன்னு சொல்லுவ? ஓய், உம்ம நாக்கு சரியில்லைன்னா? மிளகை மோந்து பாத்து வெல சொல்லுத மனுசன்கிட்டயா? நாம சொன்னா அது நம்ம அபிப்பிராயம் சங்கரா. அவரே சொல்லணும். மாசி ஒண்ணாம் தேதி வரட்டும்."

மலைக்குப் போய்வந்த நாயர், இனி மலையாள மாதம் ஒன்றாம் தேதி தோறும் சாஸ்தா கோயிலில் தொழுவதென்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார், வரப்போவதுதான் முதல் ஒன்றாம் தேதி. எங்கள் மாசியும் அவர்கள் கும்பமும் ஒரே நாளையொட்டித்தான் பிறக்கும். முந்தின நாள் அந்திக்கு வாயைக் கழுவினால், கோயிலுக்குப் போய்வந்து காலைப் பலகாரம் முடியும்வரை முறுக்கான் கிடையாது. அன்று காப்பி எங்கள் கடையிலா எதிர்க்கடையிலா என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அதை முதலாளி நேராகவே தீர்த்தார். ஆறுமுகத்தைக் கூப்பிட்டு, "உன் ஸ்டோர் கீப்பரை ஒண்ணாம் தேதி காலையில இங்க கூட்டிட்டு வா. அவரு என்ன சொன்னாலும் கேட்டுக்கிடுதோம். நிச்சயதார்த்தமும் அவரு வாயாலயே நிக்கட்டும், இல்ல நடக்கட்டும்" என்றார். என் கல்யாணத்தை அவர் ஒரு மடக்குக் காப்பியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

ஒன்றாம் தேதி நாயர் வந்தார். நெற்றியில் சந்தனம், காதில் துளசி. பின்னால் ஆறுமுகம். முன்பெஞ்சில் சுடலைமுத்து. நாயர் ஓடைப் பக்கம் போகவில்லை, துப்ப ஒன்றும் இல்லையே. உட்கார்ந்தார். நான் மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வழக்கமான டம்ளரில் கொண்டுபோய் வைத்தேன்.

குடித்தார். நின்றார். டம்ளருக்குள்ளே எட்டிப் பார்த்தார்.

"இது ஆ காப்பி!"

என் உயிர் திரும்பி வந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே போய்விட்டது. நாயர் பெஞ்சைத் தட்டினார்.

"கண்டோ ஆறுமுகம்! நெத்தியில சந்தனம் கண்டதும் முதல் டிகாஷன் வந்நு! சங்கரா, நீ ஆளு கொள்ளாமல்லோ!" 'கொள்ளாம்' என்றால் 'நன்றாயிருக்கிறது' என்று பாராட்டு, இங்கே அது குத்தல்.

ஆறுமுகம் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. முதலாளி மட்டும் அசையவில்லை.

"சங்கரா, டிகாஷன், பாலு, எல்லாத்தையும் இங்க கொண்டா. இவங்க முன்னால கல."

முன்பெஞ்சில் எல்லோர் கண்ணுக்கு முன்னாலும் ஒரே பாத்திரத்தில் கலந்தேன். சர்க்கரையும் அதிலேயே. ஆற்றி, இரண்டு டம்ளரில் சரிபாதியாக ஊற்றினேன். முதலாளி ஒன்றை நாயருக்கும் ஒன்றைச் சுடலைமுத்துவுக்கும் கொடுத்தார். சுடலைமுத்து பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு வாங்கிக்கொண்டான்.

"குடிச்சிட்டு அவங்கவங்க வார்த்தையில சொல்லுங்க."

நாயர் குடித்தார். "நன்னாயிட்டுண்டு. இதுதன்னே ஞான் பறஞ்ஞ காப்பி."

சுடலைமுத்து ஒரே மூச்சில் முடித்துவிட்டு உதட்டைத் துடைத்தான். "சாமி டிகாஷன்னு சொன்னீங்க, இது எப்பவும் உள்ள கசப்புத் தண்ணிதான அண்ணாச்சி! இதுக்கா இத்தனை பாடு?"

சந்தில் சிரிப்பு எழுந்தது. நாயர் சிரிக்கவில்லை. தன் டம்ளரைப் பார்த்தார். சுடலைமுத்துவின் டம்ளரைப் பார்த்தார். தரையில் நசுங்கிக் கிடந்த பீடியைப் பார்த்தார். அவர் கை, தானாக மடிக்குப் போனது. முறுக்கான் பொதியை எடுத்தார். பிரிக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். மிளகுச் சாக்கில் கை விட்டுத் தரம் பார்ப்பது போல இருந்தது அவர் முகம்.

"அண்ணாச்சி, இது நிங்ஙளுக்கு முன்னாலேயே தெரியும் இல்லே?"

"எனக்கு என்ன தெரியும் நாயரே? நான் சுக்கு வெள்ளம் குடிக்கிறவன்" என்றார் முதலாளி.

நாயர் பொதியைத் திரும்ப மடியில் செருகினார். எழுந்து ஆறுமுகத்தின் தோளில் கை வைத்தார். "ஆறுமுகம், சங்கரன் கள்ளம் செய்திட்டில்ல. ஞான் பறஞ்ஞது தெற்று, தப்பு."

"அப்ப காப்பி எப்படி சார் மாறிச்சு?"

"காப்பி மாறல" என்று நாயர் தன் வாயைத் தொட்டுக் காட்டினார். ஆறுமுகத்துக்கு உடனே விளங்கவில்லை. சுடலைமுத்துவுக்கு விளங்கிவிட்டது. "அப்ப இத்தனை வருசமா நான் நல்ல காப்பியத்தான் குடிச்சிட்டு வாறனா? சொல்லவே இல்லியே!" என்றான்.

நாயர் முறுக்கானை விட்டுவிட்டார் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. அன்று மத்தியானமே செல்லம்மா அக்கா திட்ட ஆரம்பித்துவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு அந்த மனிதர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். மற்ற நாட்களில் வருவார், குடிப்பார், யாராவது "எப்படி நாயரே?" என்று கேட்டால், "இன்னிக்கு எனக்கு அபிப்பிராயம் இல்ல" என்பார். ஒன்றாம் தேதி மட்டும் சந்தனத்தோடு வந்து உட்கார்ந்து சொல்லுவார். அன்று அவர் கசப்பு என்று சொன்னால் கசப்புதான். ஒருதரம் அப்படிச் சொன்னார். போய்ப் பார்த்தால், வறுத்துக் கொடுக்கும் கடையில் கொட்டையைக் கருக விட்டிருந்தார்கள். காப்பி மணக்கும் புகையில் தினமும் நின்று பழகிய நான் அதைக் கவனிக்கவில்லை.

அந்தக் கடையில் வெகுகாலம் இருந்தேன். முதலாளி காலமான பிறகு வேறு கடைகளிலும் காப்பி போட்டேன். எந்தக் கடையிலும் யாராவது முகம் சுளித்தால், முதலில் காப்பியைப் பார்ப்பேன், பிறகு மெதுவாக அவர் வாயைப் பார்ப்பேன். மணி, உங்கள் பெட்டியில் காகிதம் போட்டவரையும் ஒருதரம் நேரில் பார்க்க முடிந்தால் நன்றாக இருக்கும். இதைத்தான் அன்று சொல்ல வந்தேன்.

நிச்சயதார்த்தம் மாசியிலேயே நடந்தது. கல்யாணம் வைகாசியில், ஆரியசாலை லைன் வீட்டு வாசலில் பந்தல் போட்டு. ஆறுமுகம் பந்தல் முகப்பில் சந்தனக் கிண்ணமும் வெற்றிலைத் தட்டுமாக நின்றான். நாயர் பட்டுக்கரை வேட்டியில் வந்தார். தட்டை நீட்டினார்கள். எல்லோருக்கும் தெரியும், அவர் கை வெற்றிலையைக் கண்டால் நிற்காது. ஒரு வெற்றிலையை எடுத்தார். வாயில் போடவில்லை, சட்டைப் பையில் வைத்தார்.

"முதல்ல காப்பி" என்றார்.

ஒன்றாம் தேதி இல்லை அன்று. ஆனாலும் முந்தின நாள் அந்தியிலிருந்து முறுக்கானைத் தொடாமல் வந்திருந்தார். சமையல்காரர் கலந்த காப்பியை வாங்கி, பந்தல் காலில் சாய்ந்து நின்று குடித்தார். மண்டி ஆட்கள், சுடலைமுத்து, ஆறுமுகம், எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் என்னவோ சொன்னார். பந்தலில் பெரிய சிரிப்பு எழுந்தது. நாதஸ்வரச் சத்தத்தில் மணவறைப் பக்கம் இருந்த முதலாளிக்குக் கேட்கவில்லை. எனக்கு அவர் உதடு அசைந்தது நன்றாகத் தெரிந்தது.

முதலாளி கையில் சுக்கு வெள்ளத்தோடு மணவறைக்கு ஓரமாகக் குனிந்தார். நான் கழுத்தில் மாலையும், கையில் வள்ளியம்மாள் விரலுமாக உட்கார்ந்திருந்தேன்.

"நாயர் என்னடே சொன்னாரு? அவரு வார்த்தையில சொல்லு."

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வள்ளியம்மாளும் முதன்முதலாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்.

"'காப்பி கொள்ளாம். பட்சே சங்கரன் கை அல்ல'ன்னாரு மொதலாளி."